அழைப்பும் மனத்தாழ்மையும்: திருப்பத்தூர் கிறித்துகுல ஆசிரமத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

கிறித்தவ அழைப்பைப் பெற்றவர் மனத்தாழ்மையோடும் பொறுமையோடும் வாழவேண்டும் என்பது புதிய ஏற்பாட்டு மடல்களில் திரும்பத் திரும்ப வரும் அறிவுரையாகும். தமிழில் ‘தாழ்மை’ என்னும் சொல் ஒருபுறம் பண்பையும், மறுபுறம் சமூகத்தில் கீழிறக்கப்பட்ட நிலையையும் குறிப்பதால், இவ்வறிவுரை யாரிடம் யாரால் சொல்லப்படுகிறது என்னும் வினா இன்றியமையாததாகிறது. எபேசியர் மடலின் நான்காம் அதிகாரச் சொற்களை விளக்கி, அவற்றைத் திருக்குறளின் பணிவு, பொறை ஆகியவற்றோடு ஒப்பிட்டு, பழைய வடஆர்க்காடு மாவட்டத்தின் திருப்பத்தூரில் 1921இல் தோன்றிய கிறித்துகுல ஆசிரமத்தின் வாழ்க்கைமுறையைச் சான்றாகக் கொண்டு, மனத்தாழ்மை என்பது தேர்ந்துகொண்ட இறக்கமேயன்றிச் சுமத்தப்பட்ட தாழ்வன்று என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: அழைப்பு, மனத்தாழ்மை, நீடிய பொறுமை, பணிவு, கிறித்துகுல ஆசிரமம், ஆரணி, கதர், வடஆர்க்காடு.

1. முன்னுரை

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டு நெசவால் பெயர்பெற்ற ஊர். இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் இந்நகரம், 1989ஆம் ஆண்டு மாவட்டப் பிரிவினைக்கு முன் வடஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. இவ்வூரின் நெசவுத் தெருக்களில் நடப்பவர் ‘பொறுமை’ என்னும் சொல்லை இரு வேறு பொருள்களில் கேட்கலாம். குழித்தறியில் அமர்ந்து, அறுந்த இழையைத் தேடி முடிச்சிடுபவரின் பொறுமை ஒன்று. நெய்து கொடுத்த சேலைக்குரிய கூலி கைக்கு வரும்வரை, வாங்கிய முன்பணத்தின் சுமையோடு காத்திருப்பவரின் பொறுமை மற்றொன்று. முன்னது கைத்திறனின் ஒரு பகுதி. பின்னது வேறு வழியின்மையின் விளைவு. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது மொழியின் இயல்பாக இருக்கலாம். ஆயின் இரண்டையும் ஒரே அறமாகப் போற்றுவது பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் தொடக்க வினாவாகும்.

இவ்வினா கிறித்தவ இறையியலிலும் கூர்மையாக எழுகிறது. மனத்தாழ்மை, சாந்தம், பொறுமை ஆகியவற்றை அழைப்புக்குரிய வாழ்வின் அடையாளங்களாகப் புதிய ஏற்பாடு கூறுகிறது. தமிழகத் திருச்சபைகளில், குறிப்பாக வடஆர்க்காட்டுப் பகுதியின் ஊர்ச் சபைகளில், பெரும்பான்மையினர் சாதியமைப்பால் ஒடுக்கப்பட்டோர். ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவரிடம் ‘தாழ்மையாயிரு’ என்பது விடுதலைச் செய்தியாகுமா, பழைய விலங்குக்கு இடப்பட்ட புதிய பெயராகுமா? இதற்கு விடைகாண முதலில் சொற்களையும், பின்னர் அச்சொற்களை வாழ்ந்துகாட்ட முயன்ற ஒரு குழுவின் வரலாற்றையும் நோக்குவது பயனுடையது.

2. அழைப்பு என்னும் கருத்தாக்கம்

எபேசியர் மடலின் முதல் மூன்று அதிகாரங்கள் கொள்கை விளக்கமாகவும், பின் மூன்று அதிகாரங்கள் வாழ்வியல் அறிவுரையாகவும் அமைந்துள்ளன. இவ்விரு பகுதிகளையும் இணைக்கும் மூட்டாக நான்காம் அதிகாரத்தின் தொடக்கம் விளங்குகிறது. பெற்ற அழைப்புக்குத் தகுதியாக நடக்கவேண்டும் என்பது அங்கு வரும் வேண்டுகோள். அதனை விடுப்பவர் தம்மைக் கட்டுண்டவராக, அதாவது சிறைப்பட்டவராக அறிமுகம் செய்துகொள்கிறார். அதிகாரத்தில் இருப்பவர் கீழே இருப்பவர்க்கு இடும் கட்டளையாக அன்றி, சிறையிலிருப்பவர் தம் தோழர்க்கு விடுக்கும் வேண்டுகோளாக இது அமைந்திருப்பது நோக்கத்தக்கது.

‘அழைப்பு’ என்பதற்குரிய கிரேக்கச் சொல் ‘க்ளேசிஸ்’ என்பதாகும். அதே வேரிலிருந்தே திருச்சபையைக் குறிக்கும் ‘எக்ளேசியா’ என்னும் சொல்லும் பிறந்தது. வெளியே அழைக்கப்பட்டோரின் கூட்டம் என்பது அதன் வேர்ப்பொருள். தமிழில் ‘திருச்சபை’ என்று வழங்கும்போது கூட்டம் என்னும் பொருள் நிற்கிறது; அழைப்பு என்னும் பொருள் மறைந்துவிடுகிறது. இதனால் ‘அழைப்பு’ என்பது குருத்துவம், துறவு, ஊழியம் முதலிய தனிநிலைப் பணிகளுக்கு மட்டுமே உரியது என்னும் எண்ணம் தமிழ்ச் சூழலில் எளிதில் வேரூன்றியது. மடலின் நோக்கில் அழைப்பு அனைவர்க்கும் உரியது. அது ஒருவரை மற்றவரினின்று உயர்த்தும் சிறப்புரிமையாகாது. மற்றவரோடு எவ்வாறு வாழ்வது என்பதைப் பற்றிய கடப்பாடாகும். எனவேதான் அழைப்பைக் குறிப்பிட்டவுடன் உறவு சார்ந்த பண்புகள் அடுக்கப்படுகின்றன.

3. மனத்தாழ்மை: சொல்லின் சுமை

தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு மரபு சீகன்பால்குவின் புதிய ஏற்பாட்டிலிருந்து (1715) ஃபெப்ரீசியுசு வழியாக, ஹென்றி பவர் தலைமையிலான 1871ஆம் ஆண்டு ஐக்கிய மொழிபெயர்ப்பு வரை நீண்டது. இன்றும் சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பவர் மொழிபெயர்ப்பு, மேற்குறித்த இடத்தில் மனத்தாழ்மை, சாந்தம், நீடிய பொறுமை ஆகிய மூன்று சொற்களைக் கையாளுகிறது. இவற்றுள் முதற்சொல் தனியே ஆராயத்தக்கது.

இதன் கிரேக்க மூலம் ‘தபெய்னோஃப்ரொசுனே’ என்பது. ‘தபெய்னோஸ்’ என்றால் தாழ்ந்தது, கீழானது என்று பொருள். கிரேக்க, உரோமச் சமூகத்தின் பொதுவழக்கில் இச்சொல் அடிமைக்கும் எளியோர்க்கும் உரிய இழிவைச் சுட்டியது. மேன்மக்கள் விரும்பும் பண்பாக அது பெரும்பாலும் கருதப்படவில்லை. அத்தகைய சொல்லை அறத்தின் பெயராக்கியது தொடக்கக்காலக் கிறித்தவ எழுத்துகளின் துணிவு எனலாம். பிலிப்பியர் மடலின் இரண்டாம் அதிகாரம் இதற்குரிய அடிப்படையைத் தருகிறது. உயர்நிலையில் இருந்த கிறித்து, தாமே அதனை விட்டிறங்கி அடிமையின் வடிவை ஏற்றார் என்பது அங்குள்ள செய்தி. இறங்குவதற்கு ஓர் உயரம் இருந்தது. இறங்கியது தம் விருப்பத்தால். இவ்விரண்டு கூறுகளும் இன்றி மனத்தாழ்மை என்னும் கருத்தை விளக்க இயலாது.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் ‘தாழ்மை’ என நிறுத்தாமல் ‘மனத்தாழ்மை’ என்று சொல்லாக்கம் செய்தது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. ‘மனம்’ என்னும் முன்னொட்டு, பேசப்படுவது பிறப்பால் வரும் நிலையன்று, உள்ளத்தின் தெரிவு என்பதை வரையறுக்கிறது. ஆயினும் சபை வழக்கில் முன்னொட்டு பலவேளைகளில் உதிர்ந்து ‘தாழ்மை’ மட்டும் எஞ்சுகிறது. இருபதாம் நூற்றாண்டின் அரசியல் தமிழில் ‘தாழ்த்தப்பட்டோர்’ என்னும் வினைவழிச் சொல் நிலைபெற்றபோது, தாழ்வு என்பது யாரோ ஒருவரின் செயலால் விளைந்தது என்னும் தெளிவு மொழிக்குள் வந்தது. ‘தாழ்ந்தோர்’ என்பதற்கும் ‘தாழ்த்தப்பட்டோர்’ என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு இலக்கண வேறுபாடு மட்டுமன்று. அதே வேறுபாட்டை இறையியலும் கைக்கொள்ளவேண்டும்: தாழ்த்திக்கொள்ளுதல் அறம், தாழ்த்துதல் குற்றம், தாழ்த்தப்படுதல் அறமும் அன்று, குற்றமும் அன்று, துயரம்.

4. திருக்குறளின் பணிவும் பொறையும்

தமிழ் அறமரபில் இவ்வேறுபாடு புதியதன்று. பணிவு எல்லார்க்கும் நன்று என்று பொதுவாகக் கூறும் வள்ளுவர் (குறள் 125), அவர்களுள்ளும் செல்வர்க்கு அது மேலும் ஒரு செல்வமாகும் எனச் சிறப்பித்துக் கூறுகிறார். பணிவின் முழுமதிப்பு, பணியாமலும் இருக்க இயன்றவரிடத்தே வெளிப்படுகிறது என்பது இதன் கருத்து. பெருமை எப்போதும் பணியும், சிறுமையோ தன்னைத் தானே வியந்து புனைந்துகொள்ளும் என்னும் கருத்தும் (குறள் 978) இதனை அரண்செய்கிறது. அடக்கம், பொறை ஆகிய இரண்டும் தனித்தனி அதிகாரங்களாக (13, 16) இல்லறவியலில் வைக்கப்பட்டிருப்பதும் சிந்தனைக்குரியது. இவை துறவிக்கு மட்டும் உரியன அல்ல. மனையிலும் தெருவிலும் பிறரோடு கலந்து வாழ்பவர்க்கு உரியன.

பொறையுடைமை அதிகாரம் தன்னை அகழ்வாரைத் தாங்கும் நிலத்தை உவமையாக்கித் தொடங்குகிறது. பவர் மொழிபெயர்ப்பிலும் எபேசியர் பகுதியில் ஒருவரையொருவர் ‘தாங்குதல்’ என்னும் வினையே ஆளப்படுகிறது. தாங்குதல் என்பது வலிமையுடையவர் செய்யும் செயல். நொய்ந்தது எதையும் தாங்காது. ஆகவே பொறுமையை வலுவின்மையோடு ஒன்றாக்குவதை இரு மரபுகளும் ஏற்கவில்லை எனலாம்.

எனினும் இரண்டிற்கும் வேறுபாடும் உண்டு. நிலத்தின் பொறை ஒருவழிப்பட்டது. அகழ்பவர் நிலத்தைத் தாங்குவதில்லை. எபேசியர் மடல் கூறும் தாங்குதல் இருவழிப்பட்டது. ‘ஒருவரையொருவர்’ என்னும் சொல் அதன் உயிர்நிலை. ஒருவர் மட்டும் எந்நாளும் தாங்க, மற்றவர் எந்நாளும் மிதிக்கும் ஏற்பாட்டை இம்மடற்பகுதியைக் காட்டி நியாயப்படுத்த முடியாது. மேலும் அதே அதிகாரம் அன்போடு உண்மை பேசுமாறும், பொய்யைக் களைந்து அயலாரிடம் மெய்யுரைக்குமாறும், சினம்கொண்டாலும் பாவம் செய்யாதிருக்குமாறும் பின்னர் அறிவுறுத்துகிறது. மனத்தாழ்மையைப் பரிந்துரைத்த அதிகாரமே சினத்திற்கும் இடம் தருகிறது. எனவே மனத்தாழ்மை என்பது வாய்மூடியிருத்தல் அன்று என்பது பனுவலின் உட்சான்றாலேயே பெறப்படுகிறது.

5. வடஆர்க்காட்டுச் சூழல்

ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் முறையாக நிறுவிய அமெரிக்க ஆர்க்காடு மிஷன், வடஆர்க்காட்டுப் பகுதியின் சீர்திருத்தக் கிறித்தவ வரலாற்றில் முதன்மையானது. ஆரணி அதன் தொடக்கக்கால நிலையங்களுள் ஒன்று. நகரப் பள்ளிகளின் ஆங்கிலக் கல்வியைக் காட்டிலும், ஊர்தோறும் சென்று மக்கள் மொழியில் செய்தி அறிவிப்பதையே இம்மிஷன் தன் முதல் பணியாகக் கருதியது. பின்னாளில் மருத்துவம், கல்வி ஆகிய துறைகளிலும் அது விரிந்தது. ஐடா ஸ்கடர் வேலூரில் தொடங்கிய மருத்துவப்பணி அதன் பெரும் விளைவு.

இப்பணிகளின் நன்மையை மறுக்க இயலாது. ஆயினும் கொடுப்பவர், பெறுபவர் என்னும் பிரிவு இந்திய மிஷன் அமைப்புகள் பலவற்றில் நிலைத்திருந்தது. ஊதியம், குடியிருப்பு, முடிவெடுக்கும் உரிமை ஆகியவற்றில் வெளிநாட்டு ஊழியர்க்கும் இந்திய ஊழியர்க்கும் இடையே இடைவெளி இருந்தது. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், திருநெல்வேலிப் பகுதியின் வெள்ளாளன்விளையைச் சேர்ந்த வே. சா. அசரியா இதனை வெளிப்படையாகப் பேசினார். மிஷனெரிகளின் ஈகத்தை நன்றியோடு ஏற்ற அவர், தம் மக்களுக்கு அதனினும் மேலாக வேண்டுவது நட்பு என்று கேட்டார். 1905இல் தொடங்கப்பட்ட இந்தியத் தேசிய மிஷனெரிச் சங்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான இவர், 1912இல் தோர்ணக்கல்லின் ஆயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயர் ஆனார்.

அசரியாவின் உரை அவையில் சிலர்க்கு உவப்பளிக்கவில்லை. கீழ்நிலையில் வைக்கப்பட்டவர் பேசும் உண்மை, கேட்பவர்க்குப் பணிவின்மையாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் மேற்கண்ட மடற்பகுதியின் அளவுகோலால் நோக்கினால், அன்போடு உண்மையுரைத்தல் என்பதற்கு இவ்வுரை தகுந்த சான்று. இரங்கி ஈபவரை நோக்கி, ‘இறங்கி வந்து அருகே அமர்க’ என்று கேட்டதே இதன் சாரம். அந்த அழைப்புக்கு வடஆர்க்காட்டிலிருந்து எழுந்த மறுமொழியாகக் கிறித்துகுல ஆசிரமத்தைக் கருதலாம்.

6. கிறித்துகுல ஆசிரமம்

மருத்துவர்களான சவரிராயன் இயேசுதாசனும் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் இணைந்து 1921இல் திருப்பத்தூரில் இந்த ஆசிரமத்தை நிறுவினர். இந்தியாவின் சீர்திருத்தச் சபைகள் சார்ந்த ஆசிரமங்களுள் இது முன்னோடியாகக் கொள்ளப்படுகிறது. முன்னவர் தமிழர், பின்னவர் ஸ்காட்லாந்தின் அலோவா நகரில் கம்பளிநூல் ஆலைத்தொழிலால் செழித்த குடும்பத்தில் பிறந்தவர். மணவாழ்க்கையைத் தவிர்த்து, ஊதியம் பெறாமல், மருத்துவப் பணியையும் சிற்றூர்ப் பணியையும் வழிபாட்டோடு இணைத்து வாழ்வது ஆசிரமத்தார் மேற்கொண்ட முறை. ஆசிரமத்தின் வழிபாட்டிடமும் ஐரோப்பியக் கட்டட மரபைத் தழுவாமல், தென்னிந்தியக் கோயிற்கலை மரபைத் தழுவி எழுப்பப்பட்டது. இவ்வாசிரமத்தின் மூன்று கூறுகள் நம் ஆய்வுக்கு இன்றியமையாதவை.

6.1 குலமும் முறைப்பெயரும்

‘கிறித்துகுலம்’ என்பது கிறித்துவின் குடும்பம் எனப் பொருள்படும். தமிழ்ச் சமூகத்தில் ‘குலம்’ என்பது பிறப்பால் மக்களைப் பிரிக்கும் சொல்லாக வழங்கிவந்தது. அதே சொல்லைப் பிறப்பையும் நிறத்தையும் கடந்த உறவுக்குப் பெயராக்கியது எண்ணிச் செய்த மாற்றமாகத் தோன்றுகிறது. அதனினும் முதன்மையானது, நிறுவுநர் இருவரும் அழைக்கப்பட்ட முறை. இயேசுதாசன் ‘பெரியண்ணன்’ என்றும் பேட்டன் ‘சின்னண்ணன்’ என்றும் அழைக்கப்பட்டனர்.

இயேசுதாசன் வயதில் மூத்தவர்; ஆதலின் இம்முறைப்பெயர் தமிழ்க் குடும்ப வழக்குக்கு இயைந்ததே. ஆனால் காலத்தை நோக்கவேண்டும். பேரரசின் ஆட்சி நிலவிய நாளில், அலுவலகத்திலும் தொடர்வண்டியிலும் வழிபாட்டிடத்திலும் வெள்ளையர் ‘துரை’ என விளிக்கப்பட்ட நாட்டில், ஓர் ஐரோப்பியர் தமிழர் ஒருவர்க்கு இளையவராகத் தம்மை நாள்தோறும் அழைக்கவிட்டார். ‘துரை’ என்னும் விளியில் தொலைவு உண்டு. ‘அண்ணன்’ என்னும் விளியில் உரிமை உண்டு. ‘சின்ன’ என்னும் அடையில் இறக்கம் உண்டு. அசரியா கேட்ட நட்பு ஒரு படி மேலே சென்று உடன்பிறப்பாகியது. மனத்தாழ்மை ஓர் உணர்வாக நின்றுவிடாமல், ஒவ்வொரு விளியிலும் ஒலிக்கும் உறவுமுறையாக அமைந்தமை இதன் சிறப்பு.

6.2 உடையும் உருவகமும்

மனத்தாழ்மையை உடையாகக் காணும் உருவகம் புதிய ஏற்பாட்டில் உண்டு. பேதுருவின் முதல் மடல் (5:5) மனத்தாழ்மையை அணியுமாறு கூறுகிறது. அங்குள்ள கிரேக்க வினை, அடிமைகள் பணி செய்யும்போது கட்டிக்கொள்ளும் மேல்துணியின் பெயரோடு தொடர்புடையது என்பர். குறளும் பணிவையும் இன்சொல்லையும் ஒருவர்க்கு அணி எனக் கூறும் (95). ஒன்று பணியாளரின் துணி. மற்றொன்று அழகுதரும் அணிகலன். இரு மரபுகளும் ‘அணிதல்’ என்னும் ஒரே வினைக்குள் சந்திப்பது தமிழ் மொழிபெயர்ப்பின் பேறு.

கிறித்துகுல ஆசிரமத்தார் கதர் உடுத்தினர். ஆசிரமம் தொடங்கிய அதே 1921ஆம் ஆண்டில்தான் காந்தியடிகள் மதுரையில் அரையாடைக்கு மாறினார் என்பதை இங்கு இணைத்து நோக்கலாம். நூலாலையின் செல்வத்தில் வளர்ந்த ஒருவர், கையால் நூற்றுக் கையால் நெய்த துணியை உடுத்தியபோது, உருவகம் உடலின் மீது வந்து அமர்ந்தது.

இங்கு மற்றொரு முன்னோடியோடு ஒப்பிடுதல் தெளிவு தரும். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி எனும் தத்துவபோதகர் துறவியின் காவியுடையை ஏற்றார். அதுவும் பண்பாட்டு மதிப்பின் வெளிப்பாடே. எனினும் அவ்வுடை உயர்குலத்தாரை அணுகும் வாயிலாகவும், பிற மக்களோடு கலவாமைக்கான அடையாளமாகவும் பயன்பட்டது. உடை மாறியது, சமூகப் படிநிலை மாறவில்லை. கதரோ படிநிலையின் கீழ்ப்பக்கம் நோக்கிய உடை. பண்பாட்டைத் தழுவுதல் வேறு, எளியோரின் பக்கம் இறங்குதல் வேறு என்பதை இவ்விரு உடைகளும் உணர்த்துகின்றன.

6.3 1932ஆம் ஆண்டு நிகழ்ச்சி

சட்டமறுப்பு இயக்கம் நடைபெற்ற 1932இல், சென்னையில் வெளிநாட்டுத் துணிக்கு எதிரான மறியல் நடந்த பகுதியில் கதர் உடையோடு இருந்த பேட்டனைக் காவலர் தடியால் அடித்தனர். இந்நிகழ்ச்சி பிரித்தானிய நாடாளுமன்றம் வரை எழுப்பப்பட்டது. அதன் பின்னரும் பேட்டன் ஆசிரமப் பணியை விடாமல் தொடர்ந்தார்.

இந்நிகழ்ச்சியை ஒரு தனிமனிதரின் துன்பமாக மட்டும் காண்பது போதாது. நிறம் அவர்க்கு அளித்திருந்த பாதுகாப்பை அவர் உடுத்திய துணி பறித்தது. அத்துணியைக் களைந்துவிட்டு ஐரோப்பிய உடைக்குத் திரும்பும் வாய்ப்பு அவர்க்கு எப்போதும் இருந்தது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்தாதிருந்ததே பொறுமை என்னும் சொல்லுக்கு இங்குப் பொருளாகிறது. ‘நீடிய பொறுமை’ எனப் பவர் மொழிபெயர்ப்பு தரும் ‘மக்ரொதுமியா’ என்னும் கிரேக்கச் சொல், சினம் எழ நெடுநேரம் கொள்ளும் உள்ளத்தைக் குறிக்கும். ஓரடியைத் தாங்குவது ஒரு நாளின் செயல். அடி விழும் இடத்தில் தொடர்ந்து நிற்பது பல ஆண்டுகளின் செயல். ‘நீடிய’ என்னும் அடைமொழி பின்னதற்கே பொருந்தும்.

அவ்வடியைப் போலவே அன்று நாடெங்கும் இந்தியர் பலர் அடிபட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெயர் எந்த நாடாளுமன்றத்திலும் ஒலிக்கவில்லை. பேட்டனின் அடி செய்தியானதற்கு அவர் பிறப்பும் ஒரு காரணம். இவ்வுண்மையை மறைத்துவிட்டு அவர் பொறுமையை மட்டும் போற்றுவது ஆய்வு நேர்மைக்கு ஒவ்வாது.

7. இவ்வாழ்வுமுறையின் வரம்புகள்

மேற்கூறியது நம்மை ஆசிரம வாழ்வின் வரம்புகளுக்கு இட்டுச்செல்கிறது. முதலாவதாக, ஏழ்மையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை செல்வம் உடையவர்க்கே உண்டு. பிறப்பிலேயே ஏழையாக இருப்பவர் துறப்பதற்கு ஒன்றுமில்லை. பயின்ற மருத்துவர் ஒருவர் ஊதியத்தை மறுக்கும்போது அது ஈகமாகிறது. கூலிக்காரர்க்கு ஊதியம் மறுக்கப்படும்போது அது சுரண்டலாகிறது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஊதியமின்மையே.

இரண்டாவதாக, மணத்துறவு மேற்கொண்ட ஒரு சிறு குழுவின் வாழ்வு, மனைவி மக்களோடு வாழும் பெரும்பான்மைக் கிறித்தவர்க்கு நேரடி முன்மாதிரியாக முடியாது. அழைப்பு எல்லார்க்கும் உரியது என்னும் மடலின் கருத்தை ஆசிரம அமைப்பு ஓரளவு சுருக்கிவிடும் இடரும் உண்டு. குறளில் அடக்கமும் பொறையும் இல்லறவியலில் இடம்பெற்றமை இங்கு மீண்டும் நினைக்கத்தக்கது.

மூன்றாவதாக, ஒரே வளாகத்துக்குள் சாதி கடந்து வாழ்வதால் மட்டும் வெளியே ஊரமைப்பு மாறிவிடுவதில்லை. ஆயர் டேனியல் வில்சன் 1833இல் திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டை விலக்குமாறு ஆணையிட்டபோது தஞ்சை முதலிய இடங்களில் எதிர்ப்பு எழுந்த வரலாறு, ஆணையால் மட்டும் மாற்றம் விளையாது என்பதைக் காட்டியது. முன்மாதிரியால் மட்டும் அது விளையாது என்பதை ஆசிரமங்களின் வரலாறு காட்டுகிறது. இவ்வரம்புகளை ஏற்பதால் கிறித்துகுல ஆசிரமத்தின் மதிப்புக் குறைவதில்லை. மனத்தாழ்மை யாரிடமிருந்து தொடங்கவேண்டும் என்னும் வினாவுக்கு அது தெளிவான விடை தந்தது: மேலே இருப்பவரிடமிருந்து.

8. மீண்டும் ஆரணித் தறியருகே

தொடக்கத்தில் குறித்த இரு பொறுமைகளை இப்போது வேறுபடுத்தலாம். ஆரணி நெசவில் பழைய பாவு முடியும் நிலையில், அதன் நுனி இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கி இணைக்கும் வேலை உண்டு. இழைகள் ஆயிரக்கணக்கானவை. ஓரிழையை விட்டுவிட்டாலும் துணியில் அவ்விடம் கோடாகத் தெரியும். விரைவு இவ்வேலைக்குப் பகை. ஆனால் இணைப்பவர் செயலற்று இருப்பதில்லை. அவர் கை ஓயாமல் இயங்குகிறது, கண் ஒவ்வோர் இழையையும் தனித்தனியே மதிக்கிறது. எபேசியர் மடல் பொறுமையைக் கூறியவுடன் ஒருமைப்பாட்டைக் காத்துக்கொள்வதில் ஆர்வமாயிருக்கப் பணிப்பது இத்தகைய செயல்சார்ந்த பொறுமையையே. காக்கவேண்டிய ஒன்று இருப்பதால் பொறுமை வேண்டப்படுகிறது.

கூலிக்காகக் காத்திருக்கும் நெசவாளியின் பொறுமை இவ்வகையினதன்று. பாவும் ஊடையும் கொடுத்து நெய்யச்செய்யும் முறையில், முன்பணமாகப் பெற்ற தொகை நெசவாளியின் பேரம்பேசும் ஆற்றலைக் குறைக்கிறது. அவரிடம் பொறுமையைப் போதிப்பவர், அக்காத்திருப்பை நீட்டிப்பவரிடம் என்ன போதிக்கிறார் என்பதைச் சொல்லக் கடமைப்பட்டவர். யாக்கோபின் மடல் ஐந்தாம் அதிகாரத்தில், கூலியைப் பிடித்துவைத்த செல்வரைக் கடுமையாகக் கண்டித்த பின்னரே, சகோதரரை நோக்கிப் பொறுமையாயிருக்கச் சொல்கிறது. அவ்வரிசை தற்செயலானதன்று. கண்டிப்பைத் தவிர்த்துவிட்டுப் பொறுமையை மட்டும் வாசிப்பது பனுவலைப் பாதியில் நிறுத்துவதாகும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கமாக ஒன்றுசேர்வதும், கூலி உயர்வு கேட்பதும் பொறுமைக்கு முரணானவை அல்ல. ஒருவரையொருவர் தாங்குதல் என்பதன் பொருளாதார வடிவம் அவையே எனலாம்.

9. தொகுப்புரை

இவ்விளக்கத்தால் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

• எபேசியர் மடலில் அழைப்பு என்பது சிலர்க்குரிய சிறப்புரிமையன்று. அனைவரும் பிறரோடு வாழும் முறை குறித்த கடப்பாடு.

• மனத்தாழ்மை என்பது தன்விருப்பால் இறங்குதல். பிறரால் சுமத்தப்படும் தாழ்வை அச்சொல்லால் குறிப்பது பொருட்பிழை மட்டுமன்று, அறப்பிழையும் ஆகும்.

• பணிவு செல்வர்க்குச் சிறப்பாக அழகுசெய்யும் என்னும் திருக்குறள் கருத்தும், உயர்ந்தவர் இறங்கினார் என்னும் பிலிப்பியர் மடலின் கருத்தும் மனத்தாழ்மையின் தொடக்கத்தை மேல்நிலையில் உள்ளவரிடமே வைக்கின்றன.

• அசரியாவின் 1910ஆம் ஆண்டு உரை, ஒடுக்கப்பட்ட தரப்பிலிருந்து எழும் உண்மையுரை மனத்தாழ்மைக்கு முரணாகாது என்பதை உணர்த்துகிறது.

• கிறித்துகுல ஆசிரமம் முறைப்பெயர், உடை, ஊதியம் ஆகிய நாள்முறை வழக்கங்களில் மனத்தாழ்மையை வடிவமைத்தது. அதன் வரம்புகள், தனிமனித ஈகம் சமூக நீதிக்கு மாற்றாகாது என்பதைக் காட்டுகின்றன.

• பொறுமை என்பது உறவைக் காக்கும் செயல். அநீதியை நீட்டிக்கும் செயலின்மை அன்று.

ஆகவே, ‘தாழ்மையாயிருங்கள், பொறுமையாயிருங்கள்’ என்னும் அறிவுரையைக் கேட்கும்போதெல்லாம், அதனைச் சொல்பவர் எங்கே நின்று சொல்கிறார் என்பதை உடன்நோக்குதல் வேண்டும். மேடையில் நின்று சொல்லப்படும்போது அது கட்டளை. தறிக்குழியின் விளிம்பில் உடன் அமர்ந்து சொல்லப்படும்போதே அது அழைப்பு.